பழைய துப்பாக்கியும் புதிய கண்ணும்

பழைய பொருள்களிடம் மனிதர் காட்டும் அன்பு இரண்டு வகைப்படும். ஒரு வகையினர் பாட்டனார் காலத்துப் பொருளைத் துடைத்து, எண்ணெயிட்டு, அதன் இயல்பை அறிந்து, அதற்கேற்பத் தாம் நடந்துகொள்வார்கள். மற்றொரு வகையினரோ, "ஆகா, எவ்வளவு அருமையான பொருள்!" என்று மெச்சிய கையோடு, அதில் எங்கே ஆணி அடிக்கலாம், எதை வெட்டலாம், எதை ஒட்டலாம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பற்றியும் தையல் யந்திரத்தைப் பற்றியும் இப்பகுதியில் எழுதியபோது இந்த இரண்டாம் வகை அன்பினால் விளையும் சேதத்தைச் சொல்லியிருக்கிறோம். இவ்வாரம் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்று வேறானது. பழைய ரிம்பயர் ரைபிள் ஒன்றின்மேல் தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பொருத்துவதற்கு எத்தகைய தாங்கியைத் தேர்ந்தெடுப்பது என்பதே விஷயம்.

துப்பாக்கி என்றதும் வீட்டிலுள்ள பெரியவர்கள் முகஞ் சுளிக்க வேண்டியதில்லை. இங்கே பேசப்படுவது காகிதத்தில் அச்சிட்ட வட்டத்தைத் துளைக்கும் விளையாட்டுத் துப்பாக்கி. 2024-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், 50 மீட்டர் தூரத்தில் மூன்று நிலைகளில் சுடும் போட்டியில், நம் நாட்டு ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றார் அல்லவா? அவர் சுட்டதும் இந்த .22 தோட்டாதான். ஒலிம்பிக்கில் தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு இடமில்லை. சிறு துளையுள்ள குறிமானி வழியாகவே பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரே இத்தகைய துப்பாக்கியை வைத்திருக்கலாம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கென்று கழகங்கள் பல உண்டு. அங்கே கண்ணாடி வைத்துச் சுடும் போட்டிகள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. ஆகையால் நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணமும் அந்நாட்டுத் துப்பாக்கியே.

முதலில் தோட்டாவைப் பற்றி இரண்டு வார்த்தை. ரிம்பயர் என்பது விளிம்பில் தீப்பற்றும் தோட்டா. பித்தளைக் கூட்டின் அடித்தட்டு விளிம்புக்குள்ளே தீப்பற்றும் மருந்து அடங்கியிருக்கும். குதிரையை இழுத்ததும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும், மருந்து பற்றும், குண்டு பாயும். 1857-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் இதன் குட்டை வடிவத்தை வெளியிட்டார்கள். 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் கொண்டுவந்த .22 லாங் ரைபிள் என்னும் வடிவமே இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. இதற்கு ஓசை குறைவு, விலை மலிவு, தோளில் உதைப்பதும் மிகக் குறைவு.

உதை குறைவு என்பதிலிருந்தே ஒரு தப்பபிப்பிராயம் பிறக்கிறது. "பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கல்லவா உறுதியான தாங்கி வேண்டும்? இந்தச் சிறு துப்பாக்கிக்கு ஏதோ ஒன்று போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடிக்குத் தாராளமாகப் பணம் கொடுத்துவிட்டு, அதைத் தாங்கும் இரண்டு வளையங்களுக்கு வந்ததும் கை சுருங்கிவிடுகிறது. இது எவ்வளவு பிசகு என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் எழுதும் பகுதியில் கணக்கு வராமல் இருக்குமா? நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தைச் சேர்ந்த விஞ்செஸ்டர் கம்பெனியாரின் 52-ஆம் மாடல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1919-ல் நியூஜெர்ஸியில் கால்டுவெல் என்னுமிடத்தில் நடந்த தேசீயப் போட்டிகளில் இது முதன்முதல் தலைகாட்டிற்று. மறுவருஷம் விற்பனைக்கு வந்தது. 1980 வரையில் ஏதோ ஒரு வடிவத்தில் செய்யப்பட்டு வந்தது. குறிசுடுவோரிடையே அதற்கிருந்த மதிப்பு சாமானியமன்று. அக்காலத்துக் கண்ணாடிகள் நீண்டு மெலிந்தவை. விஞ்செஸ்டரின் ஏ-5 என்பதும், பிற்பாடு லைமன் கம்பெனியாரும் பிட்ஸ்பர்க் நகரத்து ஜான் அன்ர்ட்ல் என்பவரும் செய்தவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. துப்பாக்கிக் குழலின் மேல் இரண்டு சிறிய எஃகுத் திண்டுகள் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின்மேல் முன் தாங்கியும் பின் தாங்கியும் உட்காரும். கண்ணாடி இவ்விரண்டு தாங்கிகளுக்குள்ளும் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லக்கூடியது.

இந்த அமைப்பில் உள்ள விசேஷம் என்னவென்றால், குறியைத் திருத்தும் யந்திரம் கண்ணாடிக்குள்ளே இல்லை. பின் தாங்கியிலேயே இருக்கிறது. மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ், இவற்றுக்கு எதிரே அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். மேல் குமிழைத் திருகினால் கண்ணாடியின் பின்பாகம் ஏறும் அல்லது இறங்கும். பக்கத்துக் குமிழைத் திருகினால் இடமோ வலமோ நகரும். தாங்கி என்பது இங்கே வெறும் முட்டுக்கால் அன்று. குறிபார்ப்பதில் பாதி வேலையை அதுவே செய்கிறது.

இனி, கணக்கு. 100 கஜம் என்பது 3,600 அங்குலம். இத்தகைய துப்பாக்கிகளில் இரண்டு திண்டுகளுக்கும் நடுவே வழக்கமாக வைக்கும் இடைவெளி 7.2 அங்குலம். 3,600-ஐ 7.2-ஆல் வகுத்தால் 500 வருகிறது. அதாவது, பின் தாங்கியில் ஏற்படும் எந்த அசைவும் 100 கஜத்தில் 500 மடங்காகத் தெரியும். அங்குலத்துக்கு 40 மரை கொண்ட திருகு ஒரு சுற்றுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு நகரும். அந்தச் சுற்றை 50 சொடுக்குகளாகப் பிரித்தால், ஒரு சொடுக்கு ஆயிரத்தில் அரைப் பங்கு. அதை 500-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சரியாகக் கால் அங்குலம்! 7.2 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று திகைப்பவர்களுக்கு இதுவே பதில். நாலு சொடுக்குக்கு ஓர் அங்குலம் என்று சுடுகிறவர் மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

இதன் அருமை போட்டி மைதானத்தில் தெரியும். டூவர் போட்டி என்ற பெயருள்ள பழைய பந்தயத்தில் 50 கஜத்தில் 20 குண்டும், 100 கஜத்தில் 20 குண்டும் சுட வேண்டும். வழக்கமான வேகமுள்ள .22 குண்டை 50 கஜத்துக்குச் சரிப்படுத்திவிட்டு அப்படியே 100 கஜத்தில் சுட்டால், ஆறு அல்லது ஏழு அங்குலம் தாழ்ந்து விழும். ஆறு அங்குலம் உயர்த்த 24 சொடுக்கு. ஆனால் திண்டுகளின் இடைவெளி 6.2 அங்குலமாயிருந்தால் அதே 24 சொடுக்கு ஏறக்குறைய ஏழு அங்குலம் உயர்த்திவிடும். ஆகவே, பழைய துப்பாக்கிக்குத் தாங்கி வாங்குமுன் முதல் வேலை, இரண்டு திண்டுகளின் நடுவுக்கு நடு அளந்து பார்ப்பது. கடைக்காரர் சொல்வதையும் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதையும் நம்பி வாங்கக் கூடாது.

இப்பொழுது உறுதியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. பின் தாங்கி அந்தத் தாளின் கனமளவுக்கு ஆடினால் 100 கஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் விலகும். அத்தூரத்துக்குரிய அமெரிக்கக் குறித்தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே இரண்டு அங்குலந்தான். நட்டநடுவில் விழ வேண்டிய குண்டு வட்டத்தையே விட்டு வெளியேறிவிடும்! சுட்டவர் தம் கையைக் குறை கூறுவார். தோட்டாவைக் குறை கூறுவார். காற்றைக் குறை கூறுவார். புதிய கண்ணாடி ஒன்றுகூட வாங்கிவிடுவார். குற்றவாளியோ ஒரு தாள் கனத்தில் ஒளிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். தாங்கிகளின் இடைவெளி குறையக் குறைய இந்தக் குற்றம் பெருகும். வளையங்கள் நான்கே அங்குல இடைவெளியில் இருந்தால், அதே தாள் கனம் மூன்றரை அங்குலத்துக்கு மேல் விலக்கிவிடும். ஆகையால் இடம் கொடுக்கும் அளவுக்கு வளையங்களை விலக்கி வைப்பது நல்லது.

பழைய .22 துப்பாக்கிகளை, தாங்கிக்கு அவை தரும் இடத்தைக் கொண்டு நான்கு இனமாகப் பிரிக்கலாம். முதல் இனம், மேலே சொன்னது போலக் குழலின்மேல் திண்டு உள்ளவை. இவற்றுக்கு அக்காலத்து நீண்ட கண்ணாடியும் அதன் தாங்கிகளும் நல்ல நிலையில் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அந்தத் திண்டுகளையே பற்றிக்கொண்டு, இக்காலத்து ஓர் அங்குலக் கண்ணாடியைத் தாங்கும் வளையங்களும் செய்யப்படுகின்றன. ஆனால் இக்காலத்துக் கண்ணாடிகள் குட்டையானவை. முன்னே தள்ளியிருக்கும் திண்டுகளில் பொருத்தினால் பார்க்கும் முனை கண்ணுக்கு எட்டாமற் போகலாம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று அல்லது நான்கு அங்குலமே இருக்க வேண்டும். ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் நீளத்தை அளப்பது அவசியம்.

இரண்டாவது இனம், துப்பாக்கி உடலின் மேல்முதுகிலேயே இருபக்கமும் காடி வெட்டப்பட்டவை. தச்சர்கள் புறாவால் என்று சொல்வார்களே, அதுபோல மேலே அகன்று கீழே குறுகிய அமைப்பு. வளையத்தின் அடிப்பாகம் இந்தக் காடியைக் கவ்விக்கொள்ளும். துளை எதுவும் வேண்டாம். திருகாணியைத் தளர்த்தினால் தடமில்லாமல் கழன்றுவிடும். அமெரிக்காவில் இதை எட்டில் மூன்று அங்குலக் காடி என்றும், ஐரோப்பாவில் 11 மில்லிமீட்டர் காடி என்றும் சொல்கிறார்கள். பெயர் ஒன்றாயிருந்தாலும் அகலமும் ஓரத்தின் சரிவும் செய்தவருக்குச் செய்தவர் சிறிது வேறுபடும். கவ்வி காடியின் ஓரம் முழுவதிலும் படிந்து உட்காருகிறதா, அல்லது கூரிய விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் மட்டும் நிற்பது பழைய எஃகைக் கடித்துக் காயப்படுத்தும். நாளடைவில் தளரவும் தளரும். 1995-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிக்காட்டினி என்னும் அகன்ற படித் தண்டவாளத்துக்கான வளையங்கள் இன்று கடைகளில் மலிந்து கிடக்கின்றன. அவை இந்தச் சிறு காடியில் நேரே உட்காரா. நடுவே இணைப்புத் துண்டு வேண்டும். அந்தத் துண்டு கண்ணாடியை இன்னும் உயர்த்திவிடும்.

மூன்றாவது இனம், 1930-களிலும் 1940-களிலும் வந்த சில மலிவான துப்பாக்கிகள். இவற்றின் உடலில் இடப்பக்கத்தில் தொழிற்சாலையிலேயே துளையிட்டு மரை போட்டிருப்பார்கள். டெக்சஸ் மாகாணத்து எல்பாஸோ நகரில் வீவர் என்பவர் செய்து விற்ற முக்கால் அங்குலக் கண்ணாடிகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. இவற்றுக்கு அந்தப் பக்கத்துத் தாங்கியையே தேடிப்பிடிப்பது உத்தமம். முக்கால் அங்குலக் குழாயைப் பிடிக்கும் வளையத்தில் ஓர் அங்குலக் குழாய் நுழையாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நான்காவது இனம், எந்த ஏற்பாடும் இல்லாதவை. ஜான் பிரௌனிங் வகுத்த விஞ்செஸ்டர் 1890 மாடல் இதற்கு நல்ல உதாரணம். அது வெற்றுக் கூட்டை மேல் நோக்கி எறிவது. நேர் மேலே கண்ணாடி வைத்தால் கூடு போக வழியேது? அதைச் செய்தவர்கள் சாதாரணக் குறிமுள்ளை மனத்தில் வைத்துக்கொண்டே செய்தார்கள். இவ்வினத்துக்கு நாம் சிபாரிசு செய்யும் தாங்கி எதுவும் இல்லை. இருக்கிறபடியே வைத்துச் சுடுவதுதான் மரியாதை.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடி எவ்வளவு தாழ்வாக உட்காருமோ அவ்வளவு நல்லது. பழைய துப்பாக்கிகளின் கட்டை, குறிமுள்ளைக் குனிந்து பார்ப்பதற்காக இழைக்கப்பட்டது. உயரமான வளையத்தைப் போட்டால் கன்னம் கட்டையில் படியாமல் தலை அந்தரத்தில் நிற்கும். தலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நிற்க, குறியும் அப்படியே மாறும். ஆனால் தாழ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. தோட்டாவை மாற்றுவதற்காகத் தாழ்ப்பாள் பிடியை மேலே தூக்கும்போது அது கண்ணாடியின் பருத்த பின்முனையில் இடிக்கக் கூடாது. முன்முனை குழலைத் தொடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடம் விட்டு, அதற்குமேல் ஒரு நூலும் உயராத வளையமே சரியான வளையம்.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். திருகாணியும் துளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்கப்பட வேண்டும். திருப்புளியின் முனை திருகாணியின் பள்ளத்தில் முழுவதும் நிறைந்து உட்கார வேண்டும். தளர்ந்த திருப்புளியால் பழைய திருகாணிகளின் தலை சிதைந்து போவதைப் பார்க்கப் பரிதாபமாயிருக்கும். வளையத்தின் மேல்பாதித் திருகாணிகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். 15 முதல் 20 அங்குல-பவுண்டு வரையில் பொதுவாகப் போதும். அதற்குமேல் மல்யுத்தம் செய்தால் மெல்லிய குழாய் நசுங்கிவிடும். உடலின்மேல் தாங்கியைப் பொருத்தும் திருகாணி ஒரு மரை நீளமாயிருந்தால், உள்ளே இறங்கித் தாழ்ப்பாளின் ஓட்டத்தைத் தடுக்கும். எல்லாம் முடிந்தபின் தோட்டா இல்லாத துப்பாக்கியில் தாழ்ப்பாளை நாலைந்து தரம் இழுத்துத் தள்ளிப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

கடைசியாக, மிகவும் முக்கியமான விஷயம். ஏற்பாடு இல்லாத பழைய துப்பாக்கியில் துளையிட்டு மரை போடலாமா? "அரைமணி நேர வேலை, நான்கு துளை, பிறகு இஷ்டப்பட்ட தாங்கியைப் போட்டுக்கொள்ளலாம்" என்று பட்டறைக்காரர் சொல்வார். அவர் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. துப்பாக்கி என்பது பொருட்காட்சிச் சாலையில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று, உபயோகத்துக்காகச் செய்யப்பட்டது. 1935-ல் அதை வாங்கியவர் துளையிட நினைத்திருந்தால் யாரையும் கேட்டிருக்க மாட்டார். வயது முதிர்ந்து கண் மங்கியவர்களுக்குக் குறிமுள் தெரிவதில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவர்கள் விளையாட்டையே விட்டுவிட நேரும். தகப்பனார் கொடுத்த துப்பாக்கியைச் சுடாமல் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட, துளையிட்டாவது சுடுவது மேலல்லவா என்று அவர்கள் கேட்டால், சட்டென்று பதில் சொல்ல முடியாது.

யோசித்துப் பார்த்து நாம் சொல்லும் பதில் இது. கண்ணாடி வேண்டுமென்றால் கண்ணாடிக்கென்று செய்த துப்பாக்கிகள் ஏராளமாக இருக்கின்றன. முதுகில் காடியுள்ள பழைய.22 துப்பாக்கிகளே அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கின்றன. தகப்பனார் கொடுத்த துப்பாக்கி ஒன்றே ஒன்று. துளை போட்ட துப்பாக்கி போடாத துப்பாக்கியாக மறுபடி ஆகாது. எஃகை உருக்கி அடைக்கலாம். நீல மெருகு ஏற்றலாம். ஆயினும் அறிந்தவர் கண்ணுக்குத் தழும்பு தெரியும். மூல நிலையில் இருக்கும் துப்பாக்கியை மதிக்கும் சேகரிப்பாளர்கள் அத்தழும்புக்காக விலையையும் வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். விலையாவது போகட்டும். பின்னால் வரப்போகும் பிள்ளையும் பேத்தியும் அந்தத் துப்பாக்கியை எப்படிப் பார்க்க விரும்புவார்கள் என்பதை இன்றைக்கு நாம் ஒருவராக முடிவு செய்துவிடுகிறோம். அவர்களைக் கேட்க வழியில்லாதபோது, திருப்பிச் செய்யக்கூடியதை மட்டும் செய்வதே நியாயம்.

ஒரு விலக்கு உண்டு. முன்பே யாரோ துளையிட்டுவிட்ட துப்பாக்கி கைக்கு வந்தால், அந்தத் துளையைத் தயங்காமல் உபயோகித்துக்கொள்ளலாம். சேதம் நேர்ந்தாயிற்று, அதனால் வரும் பயனை இழப்பதில் புண்ணியம் ஒன்றுமில்லை. துளைகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோணலாயிருந்தால் குழாயை வளையங்களுக்குள் நெரிக்காமல், தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து வளையங்களைச் சரிப்படுத்தச் சொல்வது உத்தமம்.

ஆகவே, தாங்கி வாங்கப் போகிறவர் கடைக்குப் போகுமுன் தம் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, அது என்ன இடம் தருகிறது என்று முதலில் பார்க்கட்டும். திண்டு உண்டா, காடி உண்டா, பக்கத்தில் துளை உண்டா, ஒன்றுமே இல்லையா? இடைவெளி எவ்வளவு, உயரம் எவ்வளவு, குழாயின் விட்டம் எவ்வளவு? இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால் பாதிப் பணமும் முழுத் துப்பாக்கியும் மிச்சமாகும். குறித்துக்கொண்ட பிறகு அந்தக் காகிதத்தின் கனத்தையும் ஒரு தரம் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. 100 கஜத்தில் இரண்டு அங்குலம் என்பது அவ்வளவுதான்.